கெளிற்று மீனின் விந்துத் தரம் காணுமாறு

தென்பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட பண்ருட்டி வட்டாரம் பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர் பெற்றது; மீனுக்குப் பெயர் பெற்றதன்று. ஆயினும் நிலத்தின் ஒரு மூலையிற் குட்டை வெட்டி மீன் வளர்ப்போர் இன்று இப்பக்கத்திலும் உளர். அவருள் ஒருவர் என் உறவினர். கெளிற்று மீனுக்குச் செயற்கை முறையிற் கருவூட்டிக் குஞ்சு பொரிக்க முயன்ற அவர், இரவெல்லாம் கண்விழித்துக் காத்த முட்டைகள் மறுநாள் விடியலில் சுண்ணாம்பைப்போல் வெளுத்துக் கிடக்கக் கண்டார். பெண்மீன் முதிரவில்லை என்றார்; ஊசி மருந்து பழையது என்றார்; ஆழ்கிணற்று நீரிற் கோளாறு என்றார். ஆணைப் பற்றி ஒன்றும் கூறினாரல்லர். அவ்வாண் முதல்நாளே விந்தகம் எடுக்கப்பெற்று இறந்துபோயிருந்தது. அதன் விந்து நல்லதுதானா என்று எவரும் பார்த்திலர்.

அவர் பொருட்டு, விலங்கியல் கற்ற நண்பர் ஒருவரோடு அமர்ந்து நூல்களைப் படித்தும், அவர்தம் நுண்ணோக்கியிற் கண்டும் யான் அறிந்தவற்றைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரை. இலக்கியம் பயிற்றும் ஒருவன் இத்துறையிற் புகுதல் மிகையெனச் சிலர்க்குத் தோன்றலாம். ஆனால் மீன் வளர்ப்பவர் தமிழர். அவருக்கு வேண்டிய செய்தியோ பெரும்பாலும் வேற்றுமொழி நூல்களிற் கிடக்கிறது. அதனைத் தமிழில் விளங்கச் சொல்லுதல் தமிழ்த்துறையின் பணியன்று எனத் தள்ளிவிடுதல் இயலாது.

பெயரும் இனமும்

கெளிறு என்பது ஏட்டு வழக்கு. கெளுத்தி என்பது சந்தை வழக்கு. மீசை போன்ற உணரிழைகளும் செதிலற்ற வழுவழுப்பான தோலும் உடைய மீன்கள் பலவற்றுக்கு இப்பெயர் பொதுவாக வழங்கும். முள்ளாற் குத்தித் தேள் கொட்டியதுபோற் கடுக்கச் செய்யும் தேளி இவ்வினத்தது. குறுந்தொகையின் 8ஆம் பாட்டில் மாம்பழத்தைக் கவ்வும் வாளையும், நன்னீர் வாளையே எனக் கொள்வோமாயின், இவ்வினத்தைச் சார்ந்ததே. பண்ணையாளர் பெரிதும் விரும்பும் மாகூர் என்னும் நாட்டுக் கெளிற்றுக்கு ஏரிவாளை என்ற தமிழ்ப் பெயரை, 1875 முதல் 1878 வரை வெளிவந்த இந்திய மீன்கள் பற்றிய தம் பெருநூலிற் பிரான்சிசு டே குறித்துள்ளார். இன்று அப்பெயரைச் சந்தையிற் கேட்டல் அரிது. மாகூர் என்ற வடநாட்டுப் பெயரே பரவிவிட்டது. முற்பட்ட நூல்களிற் கிளாரியசு பட்ராக்கசு என எழுதப்பெற்றதும், இக்கால நூல்களிற் கிளாரியசு மாகூர் எனப் பிரித்து எழுதப்பெறுவதும் நம் நாட்டைப் பொறுத்தவரை இந்த ஒரே மீனைத்தான். இப்பெயர் மாற்றத்தை அறியாதார் இரு வேறு மீன்கள் எனக் கருதி மயங்குவர்.

மாகூர், காற்றையும் உட்கொண்டு உயிர்க்கவல்லது. ஆதலின் சேறு மிக்க குட்டையிலும் பிழைக்கும். சந்தைக்கு உயிருடன் வரும். நல்ல விலையும் பெறும். எனினும் இயற்கை நீர்நிலைகளில் அதன் தொகை குறைந்து, அழிவுக்கு அஞ்சத்தக்க உயிரினங்களின் உலகப் பட்டியலில் அஃது இடம்பெற்றுவிட்டது. வளர்ப்புக்கு வேண்டும் குஞ்சுகளை ஆற்றிலும் ஏரியிலும் வாரிக்கொள்ளும் பழக்கம் நெடுநாள் நில்லாது. குட்டையில் அடைபட்ட மாகூர் தானாக முட்டையிடுதலும் அரிது. செயற்கைக் கருவூட்டல் வேண்டப்படுவது இதனால்தான்.

கெளிற்றினத்தைப் பொறுத்தவரை இம்முயற்சியில் இந்தியாவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. மூளையின் அடியில் அமைந்த பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்தி மீனை முட்டையிடச் செய்யலாம் என்பதனை 1930களில் தென்னமெரிக்க நாட்டினர் காட்டினர். அம்முறையைத் தேளி மீனிற் கையாண்டு வெற்றி கண்டதை எல். எசு. இராமசுவாமியும் பி. ஐ. சுந்தரராசும் 1956ஆம் ஆண்டில் அமெரிக்கச் ‘சயன்சு’ இதழில் வெளியிட்டனர். கட்டாக்கில் ஈராலால் சௌதுரியும் கே. எச். அலிகுஞ்ஞியும் கெண்டையினப் பெருமீன்களை இம்முறையால் இனப்பெருக்கம் செய்வித்தது அடுத்த ஆண்டாகிய 1957இல். மீன்வளர்ப்பு வரலாறு எழுதுவோர் கட்டாக்கிலிருந்தே தொடங்குவர், தேளியை மறந்துவிடுவர். பிட்யூட்டரிச் சாற்றின் இடத்தை இன்று ஓவாப்ரிம் முதலிய செயற்கை ஆர்மோன் மருந்துகள் பெற்றுள்ளன.

ஆண் இறப்பது ஏன்?

கெண்டையின் ஆணைக் கையிற் பிடித்து வயிற்றை மெல்ல வருடினால் விந்து பால்போல் வெளிவரும். பங்காசியசு என்னும் அயல்நாட்டுக் கெளிற்றிலும் அவ்வாறே பெறலாம். மாகூரிலும் தேளியிலும் அது கைகூடுவதில்லை. அவற்றின் விந்தகம் உடற்குழியின் உட்புறத்தே நீண்டு கிடக்கிறது. அதன் எடை பெரும்பாலும் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. விந்து வெளிவரும் வழியில் விரல்கள்போற் கிளைத்த விந்துப்பைகள் உள்ளன. எவ்வளவு அழுத்தினும் ஒன்றிரண்டு துளிக்குமேல் வாராது. வருவதும் பெரும்பாலும் விந்துப்பையின் நீரும் சிறுநீருமே. ஆகவே பெண்ணின் வயிற்றைப் பிதுக்கி முட்டை எடுப்பர். ஆணையோ கொன்று வயிற்றைப் பிளந்து விந்தகத்தை எடுப்பர். அமெரிக்க நாட்டிலும் நீலக் கெளிற்றின் ஆணையும் கால்வாய்க் கெளிற்றின் பெண்ணையும் இணைத்துக் கலப்பினக் குஞ்சு பெறுவோர் ஆணை இவ்வாறே கொல்கின்றனர். ஆப்பிரிக்கக் கெளிற்றில் விந்தகத்தின் ஒரு பகுதியை மட்டும் அறுத்தெடுத்துத் தையலிட்டு ஆணைப் பிழைக்கவைக்கும் முறையும் கையாளப்பெற்றுள்ளது. அதற்குத் தேர்ந்த கை வேண்டும். சிறு பண்ணையில் எளிதன்று.

இதனாற் பெறப்படுவது யாது? பெண்மீன் அடுத்த பருவத்திலும் முட்டை தரும். ஆண் ஒருமுறையே தரும். அந்த ஒருமுறை தந்தது பயனற்றதாயின் ஆணும் போயிற்று, முட்டையும் போயிற்று. கெண்டையில் விந்தின் தரம் பார்த்தல் விரும்பத்தக்கது எனலாம். மாகூரிலோ அது கட்டாயம். அருகிவரும் ஓர் உயிரினத்தின் முதிர்ந்த ஆணைக் கொன்றபின், அதன் விந்தைப் பாராமலே முட்டையிற் கொட்டுதல் முறையன்று.

ஆணைத் தேர்தலும் கொல்லுமுன் செய்யவேண்டியதே. ஆணின் பிறப்புறுப்புக் காம்பு நீண்டு கூர்த்திருக்கும். பெண்ணினது உருண்டு குறுகியிருக்கும். ஆணென்று அறிதற்கு இது போதும். ஆற்றலுடைய ஆணென்று அறிதற்குப் போதாது. தொல்காப்பிய மரபியல் ஆண்பாற் பெயர்களைத் தொகுத்துரைக்கும்போது, கடலில் வாழும் சுறாவின் ஆணை ஏறு என்று வழங்கலாம் என்கிறது. நன்னீர் மீனின் ஆணுக்கெனத் தனிப்பெயர் எதனையும் அங்கு யான் கண்டிலேன். ஆயினும் ஆற்றலொடு கூடிய ஆண் எதுவாயினும் அதனை ஏற்றை எனலாம் என்ற பொதுவிதி அங்கு உளது. கருவூட்டலுக்குத் தேர்ந்தெடுத்த ஆண்மீனை ஏற்றை என்றே வழங்கலாம் என்பது என் கருத்து. ஆண்மையைக் கருதாது ஆற்றலைக் கருதிய பெயர் அது. அவ்வாற்றல் உளதா என்று நுண்ணோக்கியிற் காணுதலே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நீர் தொடுமளவும் அசைவின்மை

மீனின் விந்தணு விந்தகத்தினுள் அசைவற்றுக் கிடக்கிறது. இதனை அறியாதார் அசையாத அணுவைக் கண்டு செத்தது என்பர். விந்தணுக்கள் மிதக்கும் நீர்மத்தின் உப்புச் செறிவு, ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்தால் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு. அச்செறிவுள்ளவரை கெளிற்றின் விந்தணு வாலை அசைப்பதில்லை. நன்னீர் பட்டவுடன் சுற்றிலும் செறிவு குறைகிறது. அக்குறைவே அணுவை எழுப்புகிறது. கெண்டையினத்திலும் இவ்வாறே. குளிர்நாட்டு ஆற்றுமீனாகிய திரௌட்டு முதலியவற்றில் மட்டும் பொட்டாசியம் என்னும் பொருளின் அளவு மாறுதலே எழுப்புதற்குக் காரணம் என்பர்.

எழுந்த அணு எத்துணைநேரம் ஓடும்? ஏறத்தாழ ஒரு நிமிடம். சிலவற்றில் அதினும் சற்று மிகும். முதற் சில நொடிகளில் நேராகவும் விரைவாகவும் பாயும்; பின்னர் வட்டமிடும்; பின்னர் ஓரிடத்தே நின்று நடுங்கும்; பின்னர் ஓயும். வாலை அசைத்தற்கு வேண்டிய ஆற்றற்பொருள் தீர்ந்துபோதலும், செறிவற்ற நீர் உட்புகுந்து வாலின் நுனி வீங்கிச் சுருளுதலும் ஓய்வுக்குக் காரணங்கள். நீர் வெப்பமாயின் ஓட்டம் விரையும். ஓடும் நேரம் குறுகும்.

முட்டைக்கும் இத்தகைய காலக்கெடு உண்டு. பாலூட்டிகளின் விந்தணு தலையில் முட்டையுறையைத் துளைக்கவல்ல கருவி ஒன்றைத் தாங்கியுள்ளது. கெளிறு முதலிய எலும்புமீன்களின் விந்தணுவுக்கு அக்கருவி இல்லை. அதற்கு வழி முட்டையிலேயே அமைந்த நுண்துளை ஒன்றே. நீர் பட்ட முட்டை வீங்கத் தொடங்கியதும் அத்துளை விரைவில் அடைபடும். ஆக, எழுந்த அணுவுக்கு ஒரு நிமிடம். திறந்த துளைக்கும் அவ்வளவே. குஞ்சு பொரிப்பகத்தின் ஒரு பருவ உழைப்பு முழுவதும் இவ்விரண்டின் சந்திப்பைப் பற்றியது.

1763ஆம் ஆண்டில் செருமானியராகிய யாக்கோபி என்பவர் திரௌட்டு மீனின் முட்டையைச் செயற்கையாகக் கருவூட்டியதை வெளியிட்டபோது இச்செய்தி எதுவும் அறியப்படவில்லை. நெடுங்காலம் முட்டையையும் விந்தையும் நீரிலிட்டே கலந்தனர், பெரும்பகுதி வீணாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் உருசிய நாட்டினராகிய விராசுக்கி நீரின்றி இரண்டையும் முதலிற் கலந்து, பின்னர் நீர் விடும் முறையைக் கண்டார். உலர்முறை என இன்றும் வழங்குவது அதுவே. அம்முறை ஏன் பயன் தருகிறது என்பது மேற்கூறியவற்றால் தானே விளங்கும்: அணுக்கள் துளையின் அருகே சென்று நின்ற பின்னரே அவற்றை எழுப்புகிறோம்.

காணும் முறை

கொன்ற ஆணின் வயிற்றைத் திறந்ததும் விந்தகத்தை நீரிற் கழுவலாகாது. என் உறவினர் செய்த முதற்பிழை அதுவே எனப் பின்னர் அறிந்தேன். குழாயடியிற் பிடித்து நன்கு அலம்பினாராம்! தூய்மை வேண்டும் என்னும் எண்ணம் நன்றே. ஆனால் கீறுண்ட விந்தகத்தில் நீர் படுமாயின் அங்குள்ள அணுக்கள் எழுந்து, முட்டையைக் காணுமுன்பே ஓய்ந்துவிடும். மேற்படிந்த குருதியை உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, உலர்ந்த கத்தரியால் விந்தகத்தை நறுக்கி, மெல்லிய வலைத்துணியிற் பிழிந்து விந்தைப் பெறுதல் வேண்டும். கத்தி, கிண்ணம், கை யாவும் உலர்ந்திருத்தல் வேண்டும். உடனே கலவாவிடின் 0.9 விழுக்காட்டு உப்புக் கரைசலிற் கலந்து, வெயில் படாது, குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். 4 பாகை அளவிற் குளிர்வித்தால் சில மணிநேரம் தரம் கெடாது நிற்கும்; பனிக்கட்டியில் நேரே புதைத்து உறையவிடுதல் அணுவைக் கொல்லும்.

கண்ணுக்குத் தெரிவன நிறமும் செறிவும். பாலேடுபோல் வெண்மையும் திண்மையும் உடையது அணு மிக்கது; கழுநீர்போல் தெளிந்தது அணு குறைந்தது; செந்நிறம் படர்ந்தது குருதி கலந்தது. இவ்வளவோடு நின்றுவிடுவாரே பலர். ஆனால் திண்மை அணுவின் தொகையைக் காட்டுமேயன்றி அது ஓடுமா என்பதைக் காட்டாது. விந்தின் அளவோ இன்னும் ஏமாற்றும். ஆர்மோன் ஊசி பல மீன்களில் விந்தை நீர்க்கச் செய்து அளவை மிகுவிக்கும்; அளவு மிகுந்ததேயன்றி அணு மிகுந்ததில்லை.

இனி நுண்ணோக்கி. இருநூறு அல்லது நானூறு மடங்கு பெருக்கிக் காட்டும் எளிய கருவி போதும்; பள்ளி ஆய்வுக்கூடங்களில் உள்ளதே அது. முதலில் நீர் படாத விந்தில் ஒரு சிறு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்துக் காணுதல் வேண்டும். அங்கு அசைவு யாதும் இருத்தலாகாது. அசைவு காணின் நீரோ சிறுநீரோ முன்னமே கலந்தது என்று துணியலாம்; அவ்விந்தைப் பெரும்பாலும் கைவிட நேரும். அசைவின்மையைக் கண்டு மகிழவேண்டிய இடம் உலகில் இது ஒன்றே போலும்.

அடுத்து எழுப்பிக் காணுதல். இங்கே நேரும் பிழை மிகப் பொதுவானது. ஊசிமுனையளவு விந்தை வைக்கவேண்டிய இடத்தில் பெருந்துளி வைத்து, அதன்மேற் சிறிது நீர் விடுவர். அப்போது சுற்றிலும் உப்புச் செறிவு வேண்டிய அளவு குறையாது. ஓரத்து அணுக்கள் மட்டும் எழும், நடுவில் உள்ளவை அசையா. காண்பவரும் பாதி செத்தது என எழுதிவைப்பர். ஆதலின் விந்தை முதலில் உப்புக் கரைசலில் ஏறத்தாழ நூறு மடங்கு கரைத்துக்கொண்டு, அதிற் சிறு துளியைச் சில்லில் வைத்து, அதினும் பன்மடங்கு நீரை விட்டு உடனே காணுதல் வேண்டும். நீர் விடுமுன் நுண்ணோக்கியைக் குவியப்படுத்தி வைத்தல் இன்றியமையாதது. நீர் விட்டபின் குவியம் தேடுவோர் தேடி முடிப்பதற்குள் நிமிடம் கழிந்துவிடும். யானும் முதன்முறை அவ்வாறே கழித்தேன். நண்பர் ஒன்றும் கூறாது இன்னொரு சில்லை நீட்டினார்.

நீர் விட்ட பத்து நொடிக்குள் கண்முன் உள்ளவற்றுள் எத்தனை விழுக்காடு முன்னோக்கி ஓடுகின்றன என மதிப்பிடுதல் வேண்டும். ஓரிடத்தே நடுங்குவனவற்றை ஓடுவனவற்றோடு சேர்த்தலாகாது. நடுங்கும் அணு துளையைச் சென்றடையாது. நீரோட்டத்தில் ஒருமுகமாக மிதந்து செல்வனவும் ஓடுவனபோல் தோன்றும், அவற்றையும் விலக்குக. பின்னர் ஓட்டம் முழுதும் நிற்கும் வரை நொடிகளை எண்ணுக. விழுக்காடு ஒன்று, காலம் ஒன்று, ஓட்டத்தின் தன்மை ஒன்று. இம்மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். ஒரே விந்தில் மும்முறை பார்த்தல் நன்று. பார்ப்பவர் ஒருவரேயாதலும் நன்று, ஒருவர் எண்பது என்பதை மற்றொருவர் அறுபது என்பர். பெரிய ஆய்வுக்கூடங்களில் இம்மதிப்பீட்டைக் கணிப்பொறி செய்கிறது. ஒவ்வோர் அணுவின் வழியையும் விரைவையும் அளந்து தருகிறது. அது கிடைப்பின் நன்று. கிடையாமையைக் காரணங்காட்டிக் கண்ணாற் பாராதிருத்தல் தகாது.

எழுப்பும் நீர் பற்றி ஒருசொல். தூய நன்னீரினும் சிறிது உப்புக் கலந்த நீரில் அணு நெடுநேரம் ஓடும். அங்கேரி நாட்டினராகிய வொய்னாரோவிச்சு கெண்டை முட்டைக்கென வகுத்த கரைசலில் 10 லிட்டர் நீருக்கு 40 கிராம் உப்பும் 30 கிராம் யூரியாவும் சேரும். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டுதலைத் தடுத்தலும் அதன் பயன். தரம் பார்ப்பவர் எந்த நீரில் முட்டையைக் கருவூட்டப் போகிறாரோ அந்த நீரிலேயே விந்தையும் எழுப்பிப் பார்த்தல் வேண்டும். வாலைவடிநீரில் நன்கு ஓடிய அணு பண்ணைக் கிணற்று நீரில் ஓடாதாயின், பழி விந்தின்மேல் இல்லை, நீரின்மேல் உளது.

அணுவின் தொகையை அறிதற்குக் குருதியணு எண்ணும் கட்டத்தட்டு பயன்படும். விந்தை, சிறிது பார்மலின் சேர்த்த உப்புக் கரைசலில் ஆயிரம் மடங்கு கரைத்துத் தட்டிலிட்டு, அணுக்கள் படியும் வரை சில நிமிடம் பொறுத்து எண்ணுவர். நடுக்கட்டத்தின் கொள்ளளவு ஒரு மில்லிலிட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு. அதிலுள்ள 25 சிறு கட்டங்களுள் ஐந்தில் 40 அணுக்கள் கண்டால் நடுக்கட்டம் முழுவதற்கும் 200 ஆம். அதனைப் பதினாயிரத்தாலும் பின் ஆயிரத்தாலும் பெருக்கினால், ஒரு மில்லிலிட்டர் விந்தில் 200 கோடி அணுக்கள் உள்ளன என்று வரும். கெளிற்றின் விந்துக்கு இத்தொகை வியப்பன்று. கோடிக்கணக்கில் நூறுகள் என்பது இயல்பான நிலையே. இயோசின், நிக்ரோசின் என்னும் சாயங்களை ஏற்றிப் பார்ப்பின் இறந்த அணு செந்நிறம் கொள்ளும். உயிருள்ளது சாயத்தை ஏற்காது நிற்கும்.

இவ்வளவும் செய்தபின்னும் ஓர் ஐயம் எஞ்சும். ஓடுவன யாவும் நல்லனவா? அன்று. புற ஊதாக் கதிரைத் தக்க அளவிற் பாய்ச்சினால் விந்தணுவின் மரபுப்பொருள் சிதையும். அணுவோ முன்போலவே ஓடும். முட்டையினுட் புகுந்து அதனை வளரவும் தூண்டும். தாயின் மரபுப்பொருளை மட்டும் கொண்ட குஞ்சுகளை ஆய்வாளர் பெறுவது இவ்வழியில்தான். ஆகவே ஓட்டம் என்பது விந்தணு முட்டையைச் சென்றடையும் என்பதற்குச் சான்று. சென்றடைந்தபின் நல்ல குஞ்சு பிறக்கும் என்பதற்குச் சான்றன்று.

முட்டையே உரைகல்

அதனை அறிய முட்டையிடமே செல்லவேண்டும். மாகூரின் முட்டை வெதுவெதுப்பான நீரில் ஏறத்தாழ ஒரு நாளிற் பொரிக்கும். கருவுற்றது ஒளி ஊடுருவத் தெளிந்திருக்கும். கருவுறாதது வெளுத்து மங்கும். பொரிக்குமுன் இரண்டையும் எண்ணி நூற்றுக்கு இத்தனை எனக் கணக்கிடுதல் வேண்டும். பொரித்த குஞ்சையும், அவற்றுள் முதுகு வளைந்தனவற்றையும் தனித்தனியே எண்ணுதல் வேண்டும்.

இங்கே பலர் காணத் தவறும் நுட்பம் ஒன்று உளது. விந்து மிகுதியாகக் கிடைத்த நாளில் அளவின்றி ஊற்றுவர். நூற்றில் தொண்ணூறு அணுக்கள் ஓடாதனவாயினும், எஞ்சிய பத்தே முட்டைகளுக்கு மிகையாகிவிடும்; கருவுறுதலும் நன்றாகவே நிகழும். பண்ணையாளர் அவ்விந்து நல்லது என்று முடிவுசெய்வார். அடுத்தமுறை அதே குட்டத்து ஆணிடமிருந்து சிறிதளவே விந்து கிடைக்கும், அப்போது முட்டை வெளுக்கும், காரணம் விளங்காது. மிகுதி குறையை மறைத்துவிட்டது. ஆதலின் தரம் அறியவேண்டுவோர் முட்டைகளிற் சிறு கூறு ஒன்றைத் தனியே எடுத்து, எண்ணியறிந்த சிற்றளவு விந்தால் அதனைக் கருவூட்டிப் பார்த்தல் வேண்டும். முட்டை ஒன்றுக்கு இத்தனை அணு என்று கணக்கிட்டு இடும்போதுதான் இரு ஆண்களை ஒப்பிடுதல் இயலும்.

பல ஆண்களின் விந்தை ஒரே கிண்ணத்திற் கலத்தலும் இத்தகைய மறைப்பே. நல்லதும் தீயதும் கலந்து சராசரி ஒன்று கிடைக்கும். எந்த ஆண் தந்தது எது என்பது தெரியாது. குஞ்சுகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்களின் வழியினவாக அமைந்துவிடவும் கூடும். பல தந்தையர் உளர் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்போம். முட்டைகளைக் கூறுசெய்து, ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் ஆணின் விந்தை இட்டு, நீர் விட்டபின் ஒன்றுசேர்த்தல் இதினும் நன்று.

விந்தின் தரத்தினும் முன்னே பார்க்கவேண்டியது ஆணின் இனம். ஆப்பிரிக்கக் கெளிறு விரைந்து வளர்வது, எதனையும் தின்பது, பிற மீன்களுக்குக் கேடு செய்வது. அதன் வளர்ப்பை நடுவண் அரசு 2000ஆம் ஆண்டில் தடைசெய்தது. ஆயினும் மறைவாக வளர்ப்போர் இன்னும் உளர். தலையோட்டின் பின்முனை நாட்டு மாகூரிற் கூர்ந்து ஒரே முனையாக முடியும். ஆப்பிரிக்கக் கெளிற்றில் வளைந்து பிளவுண்டு காணும். கூறப்போனால் அதன் விந்து மாகூரினதைக் காட்டிலும் மிகுதியாகவும் எளிதாகவும் கிடைக்கும். நுண்ணோக்கியிலும் சிறப்பாகவே ஓடும். கெளிற்று விந்தைப் பற்றி உலக நூல்களிற் காணப்பெறும் செய்திகளிற் பெரும்பகுதி அம்மீனிடமிருந்து பெற்றதே. ஆனால் நம் பெண்மீனின் முட்டைக்கு அதனைச் சேர்ப்பது, இருக்கும் நாட்டினத்தையும் கலப்பினமாக்கி அழிப்பதாகும். ஓட்டத்தைக் காட்டும் கருவி இனத்தைக் காட்டாது.

ஆணைக் கொல்லுதலைக் குறைத்தற்கு ஒரு வழி உறைநிலைச் சேமிப்பு. 1949இல் போல்சு, சுமித்து, பார்க்சு ஆகியோர் கிளிசரால் சேர்த்த கோழி விந்து உறைந்து உருகியபின்னும் உயிர்த்திருத்தலைக் காட்டினர். 1953இல் பிளாக்சுட்டர் அம்முறையைக் கடல்மீனாகிய எரிங்கில் நிகழ்த்தினார். நீர்ம நைட்ரசனில், சுழிக்குக் கீழ் 196 பாகையில், விந்தணு ஆண்டுக்கணக்கில் நிற்கும். 1983இல் தோன்றிய தேசிய மீன் மரபுவள நிறுவனம் இத்துறையில் உழைத்துவருகிறது. ஒரு மாகூரின் விந்தகம் தரும் அணுக்கள் ஒரு பெண்ணின் முட்டைக்கு வேண்டியதினும் பன்மடங்கு மிகுதி. எஞ்சியதை உறையச் செய்தால் அடுத்த பெண்ணுக்கு மற்றோர் ஆணைக் கொல்லவேண்டுவதில்லை. ஆனால் உறைந்து உருகும்போது அணுக்களில் ஒருபகுதி இறக்கும். முதலிலேயே அரைகுறையாக ஓடியதை உறையவைப்பது நைட்ரசனுக்குக் கேடு. உறையவைக்குமுன் ஒருமுறை, உருக்கியபின் ஒருமுறை, இருமுறையும் தரம் பார்த்தல் வேண்டும்.

என் உறவினர் இரண்டாம்முறை முயன்றபோது யானும் உடனிருந்தேன். பெண்ணுக்கு ஊசியிட்டுப் பதினேழு மணிநேரம் கழித்து, விடியுமுன் முட்டை எடுத்தனர். இரண்டு ஆண்கள். முதலாவதன் விந்து கண்ணுக்கு வெள்ளையாகவும் திண்மையாகவும் இருந்தது. நுண்ணோக்கியிற் பத்தில் இரண்டே ஓடின, அவையும் அரை நிமிடத்தில் நின்றன. இரண்டாவதன் விந்து சற்று நீர்த்திருந்தது. சில்லில் நீர் பட்டதும் கண்பரப்பு முழுவதும் மழைவிழுந்த குட்டைபோற் கொதித்தது. முட்டையில் ஒரு கரண்டியளவை முதல் ஆணுக்கு ஒப்பிடக் கொடுத்து, எஞ்சியதை இரண்டாமதற்குக் கொடுத்தோம். மறுநாட் காலை அவர் தட்டுகளின் அருகே குந்தி, ஈர்க்குச்சியால் வெளுத்த முட்டைகளைத் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தார். குறிப்பேட்டில் ஆண் ஒன்று, ஆண் இரண்டு என இரு பத்திகள் கோடிட்டிருந்தன. முதற்பத்தி விரைவில் நிரம்பியது.